நழுவுகோல் மற்றும் பொறிமுறைக் கணிப்பான் சேகரிப்பு

நழுவுகோல் மற்றும் பொறிமுறைக் கணிப்பான் சேகரிப்பு என்பது, மின்னணுக் கணிப்பான்கள் பரவுவதற்கு முன்னர் கணக்கிடுவதற்குப் பயன்பட்ட கருவிகளைத் தேடிப் பெற்று, அடையாளங்கண்டு, பாதுகாத்து, அவற்றின் பயன்பாட்டு முறையை ஆவணப்படுத்தும் செயற்பாடு ஆகும். ஸ்லைடு ரூல் என்று பரவலாக அறியப்படும் நழுவுகோல்கள், கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணிப்பான்கள், விசை அழுத்திக் கூட்டும் இயந்திரங்கள், எழுத்தாணி போன்ற குச்சியால் இயக்கும் சிறு கூட்டற்கருவிகள் ஆகியன இச்சேகரிப்பில் அடங்கும்.

நழுவுகோல் ஏறத்தாழ 350 ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. ஆயினும் 1972ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே அது வகுப்பறைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மறைந்தது. உற்பத்தி நிறுவனங்கள் பலவும் அத்தொழிலைக் கைவிட்டன. எந்த மாதிரி எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எதற்காகப் பயன்பட்டது என்பன போன்ற செய்திகளுள் பெரும்பகுதி பின்னாளில் சேகரிப்பாளர்களாலேயே மீட்டெடுக்கப்பட்டது. இதனால் இச்சேகரிப்பு ஒரு பொழுதுபோக்கு மட்டுமன்றித் தொழினுட்ப வரலாற்று ஆய்வின் ஒரு பகுதியாகவும் கருதப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

நழுவுகோல்

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கைகளைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றுவதே மடக்கையின் பயன். 1620ஆம் ஆண்டில் எட்மண்ட் குண்டர் மடக்கைகளை ஒரு கோலின் மீது நீளங்களாகக் குறித்தார். அந்நீளங்களைக் கவராயத்தால் அளந்து கூட்ட வேண்டியிருந்தது. இரண்டு மடக்கை அளவிடைகளை ஒன்றையொட்டி மற்றொன்று நகருமாறு அமைத்தால் கவராயம் தேவையில்லை என்பதைக் கண்டவர் ஆங்கிலேய மதகுருவும் கணிதவியலாளருமான வில்லியம் ஓட்ரெட். அவரது வட்டவடிவக் கருவி பற்றிய நூல் 1632இல் வெளிவந்தது. அவரது மாணவராயிருந்த ரிச்சர்ட் டெலமைன் அதற்கு முன்னரே, 1630இல், இதையொத்த கருவி பற்றி எழுதியிருந்தமையால் யார் முதலில் கண்டுபிடித்தார் என்பது குறித்து இருவருக்குமிடையே கடும் பூசல் எழுந்தது.

ஆண்டு பொறிக்கப்பட்டு இன்று எஞ்சியுள்ள நழுவுகோல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, 1654ஆம் ஆண்டில் ராபர்ட் பிசாக்கர் செய்தது. இது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1683ஆம் ஆண்டில் தாமசு எவரார்டு, மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைக் கணித்து வரி விதிக்கும் அலுவலர்களுக்கான நழுவுகோலை அறிமுகப்படுத்தினார். 1850களில் பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி அமடே மான்ஹைம் அளவிடைகளை ஒழுங்குபடுத்தி, கர்சர் எனப்படும் நகரும் குறிகாட்டியை அதனுடன் வழக்கப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நழுவுகோல்கள் பெரும்பாலும் இவ்வமைப்பின் வழிவந்தவையே.

பொறிமுறைக் கணிப்பான்

வில்லெம் சிக்கார்டு 1623இலும், பிலேசு பாசுக்கல் 1642இலும் கணக்கிடும் இயந்திரங்களை வடிவமைத்தனர். இலைப்னிட்சு, நீளம் படிப்படியாகக் கூடும் பற்களைக் கொண்ட உருளையைப் பயன்படுத்தினார். இப்படிப்பல் உருளை அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல இயந்திரங்களுக்கு அடிப்படையானது. பிரான்சின் தாமசு டி கோல்மார் 1820இல் காப்புரிமை பெற்ற அரித்மோமீட்டர், பின்னர் வணிக அளவில் உற்பத்தியான முதற் கணிப்பான் ஆயிற்று. உருசியாவின் செயின்ட் பீட்டர்சுபர்க்கில் பணியாற்றிய சுவீடன் நாட்டவரான வில்கொட் ஓட்னர், தேவைக்கேற்ப வெளியே நீட்டப்படும் பற்களையுடைய சக்கரத்தைப் பயன்படுத்தி எடை குறைந்த கணிப்பானை உருவாக்கினார். செருமனியின் பிரன்சுவிகா கணிப்பான்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் டார் பெல்ட் 1887இல் காப்புரிமை பெற்ற காம்ப்டோமீட்டர், கைப்பிடி இல்லாமல் விசைகளை அழுத்திய உடனேயே கூட்டும் இயந்திரமாகும்.

இயங்குமுறை

சேகரிப்பாளர் ஒருவர் தம் கையிலுள்ள கருவி சரியாக உள்ளதா என்பதை அறிய அதன் இயங்குமுறையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நழுவுகோலில் மூன்று பகுதிகள் உள்ளன. அவை அசையாத உடற்சட்டம், அதன் நடுவே நகரும் நழுவி, இரண்டின் மேலும் நகரும் கர்சர் என்பன. கர்சர் என்பது நடுவில் மெல்லிய கோடு வரையப்பட்ட கண்ணாடி அல்லது நெகிழித் துண்டு. பெருக்கலுக்குப் பயன்படும் அடிப்படை அளவிடைகள் நழுவியில் உள்ள சி அளவிடையும் உடற்சட்டத்தில் உள்ள டி அளவிடையும் ஆகும்.

எடுத்துக்காட்டாக, அளவிடையின் நீளம் 250 மி.மீ. எனக் கொள்வோம். 2இன் மடக்கை 0.30103 ஆதலால், 2 என்னும் எண் தொடக்கத்திலிருந்து 75.26 மி.மீ. தொலைவில் இருக்கும். 3இன் மடக்கை 0.47712 ஆதலால் அது 119.28 மி.மீ. தொலைவில் இருக்கும். டி அளவிடையின் 2க்கு நேராகச் சி அளவிடையின் 1ஐ வைத்தால், சி அளவிடையின் 3 இருக்குமிடம் 194.54 மி.மீ. ஆகும். அவ்விடத்தில் டி அளவிடையில் இருக்கும் எண் 6. இவ்வாறு இரண்டு நீளங்களின் கூட்டல் இரண்டு எண்களின் பெருக்கலாகிறது.

250 மி.மீ. அளவிடையில் பொதுவாக மூன்று இலக்கங்கள் வரை படிக்கலாம். பதின்மப் புள்ளி எங்கே வரும் என்பதைக் கருவி காட்டாது. 2 × 3, 20 × 3, 0.2 × 300 ஆகிய அனைத்துக்கும் நழுவுகோல் ஒரே நிலையிலேயே நிற்கும். விடை 6ஆ 60ஆ என்பதைப் பயனர் தம் மனத்தில் தோராயமாகக் கணித்தறிய வேண்டும். ஆகவே நழுவுகோலைப் பயன்படுத்திய மாணவரும் பொறியாளரும் விடையின் பருமனை முன்கூட்டியே மதிப்பிடும் பழக்கத்தைப் பெற்றிருந்தனர்.

நழுவுகோலால் சாதாரணக் கூட்டலையும் கழித்தலையும் செய்ய இயலாது. இக்குறையை நீக்க, பேபர்-காசுட்டெல் நிறுவனம் தனது சில மாதிரிகளின் பின்புறத்தில் அடியேட்டர் என்னும் தட்டையான கூட்டற்கருவியைப் பொருத்தி விற்றது. பொறிமுறைக் கணிப்பானோ இதற்கு மாறானது. அது பற்சக்கரங்களால் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே எண்ணுவதால் விடையைத் துல்லியமாகத் தரும். ஆயின் அதன் அடிப்படைச் செயல் கூட்டல் மட்டுமே. பெருக்கல் என்பது அதில் திரும்பத் திரும்பக் கூட்டுதலாகும். இதனால் பொறியாளர்கள் நழுவுகோலையும், கணக்காளர்களும் நில அளவையாளர்களும் பொறிமுறைக் கணிப்பானையும் மிகுதியாக நாடினர்.

சேகரிக்கப்படும் வகைகள்

நேர் நழுவுகோல்கள்: இவை மிகப் பரவலானவை. அமெரிக்காவின் கியூபல் அண்டு எசர், பிக்கெட், செருமனியின் பேபர்-காசுட்டெல், நெசுட்லர், அரிசுட்டோ, சப்பானின் ஹெம்மி ஆகியன பெயர்பெற்ற தயாரிப்புகள். பழையவை சீமைநூக்கு போன்ற மரங்களால் செய்யப்பட்டு வெண்ணிறச் செல்லுலாய்டு ஒட்டப்பட்டவை. ஹெம்மி நிறுவனம் மூங்கிலைப் பயன்படுத்தியது. ஈரப்பதம் மாறும்போது மூங்கில் குறைவாகவே வளைவதும், அதன் பரப்பு எளிதில் நழுவுவதும் இதற்குக் காரணங்கள். பிக்கெட் நழுவுகோல்கள் அலுமினியத்தால் ஆனவை.

வட்ட, உருளை வடிவங்கள்: அளவிடை நீளும்போது துல்லியம் கூடும். நீண்ட அளவிடையைச் சிறு இடத்தில் அடக்க அதனை உருளையின் மீது சுருளாகச் சுற்றினர். பெல்பாசுட்டில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் புல்லர் 1878இல் காப்புரிமை பெற்ற உருளை நழுவுகோலின் அளவிடை ஏறத்தாழ 12.7 மீட்டர் நீளமுடையது. அமெரிக்கரான எட்வின் தாச்சரின் உருளைக் கருவி 1881இல் காப்புரிமை பெற்றது. சட்டைப்பையில் அடங்கும் ஓட்டிசு கிங் கருவியில் 66 அங்குல நீள அளவிடை உள்ளது.

சிறப்புப் பயன்பாட்டு நழுவுகோல்கள்: மின்பொறியியல், வேதியியல், பைஞ்சுதைக் கட்டுமானம், பீரங்கிக் குறிபார்த்தல், ஒளிப்படக்கலை முதலியவற்றுக்கெனத் தனி அளவிடைகள் கொண்டவை. ஒரு காலத்தில் அத்துறையினர் எவற்றை அடிக்கடி கணக்கிட வேண்டியிருந்தது என்பதை இவை நேரடியாகக் காட்டுகின்றன.

பறப்பு நழுவுகோல்கள்: இ6பி எனப்படும் வட்ட நழுவுகோல் விமான ஓட்டுநர் பயிற்சியில் இன்றும் பயன்படுகிறது. எனவே நழுவுகோல் முற்றிலும் வழக்கொழிந்துவிட்டது எனக் கூறுவது பொருந்தாது.

கர்ட்டா

சேகரிப்பாளர்களிடையே பெரிதும் விரும்பப்படும் பொறிமுறைக் கணிப்பான் கர்ட்டா ஆகும். மிளகு அரைக்கும் சிறு கைக்கருவியின் தோற்றமுடைய இது உள்ளங்கையில் அடங்கும். இதனை வடிவமைத்த கர்ட் ஹெர்சுட்டார்க் 1902இல் வியன்னாவில் பிறந்தவர். அவரது குடும்பம் கணிப்பான்களைத் தயாரித்து விற்று வந்தது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் உருளை தேவையில்லை, நடுவில் ஒரே உருளை போதும் என்னும் அவரது கருத்துக்கான காப்புரிமை விண்ணப்பங்கள் 1938இல் அளிக்கப்பட்டன. அதே ஆண்டில் ஆசுத்திரியா நாசி செருமனியுடன் இணைக்கப்பட்டது.

யூதத் தந்தைக்குப் பிறந்த ஹெர்சுட்டார்க் 1943இல் கைது செய்யப்பட்டுப் பூக்கன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் நுண்பொறித் தொழிற்சாலையில் வேலை செய்யுமாறு பணிக்கப்பட்டார். போரில் வென்றதும் இட்லருக்குப் பரிசளிக்கலாம் என்னும் எண்ணத்தில், அவரது சிறு கணிப்பானின் வரைபடங்களை வரைய முகாம் அதிகாரிகள் அனுமதித்தனர் என அவர் பின்னாளில் நேர்காணலில் தெரிவித்துள்ளார். 1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டபோது வரைபடங்கள் அவரிடம் இருந்தன. பின்னர் லீக்டன்சுடைன் நாட்டில் தொடங்கப்பட்ட கான்ட்டினா நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்து கர்ட்டாவைத் தயாரித்தது. இரு வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,40,000 கருவிகள் உற்பத்தியாயின. 1970களின் தொடக்கத்தில் விற்பனை முடிவுற்றது. ஹெர்சுட்டார்க் 1988இல் காலமானார்.

முதல் வகையில் எண்ணை இடுவதற்கு 8 இலக்கங்களும், சுற்றுகளை எண்ணுவதற்கு 6 இலக்கங்களும், விடைக்கு 11 இலக்கங்களும் உள்ளன. 1954இல் வந்த இரண்டாம் வகையில் இவை முறையே 11, 8, 15 ஆகும். முதல் வகையில் மட்டும் 600 அளவிலான உறுப்புகள் உள்ளன.

231 × 47 என்பதைக் கணிக்க, பக்கவாட்டிலுள்ள நழுவிகளால் 231 இடப்படும். கைப்பிடியை 7 முறை சுழற்றி, மேற்பகுதியை உயர்த்தி ஓர் இடம் நகர்த்தி, மீண்டும் 4 முறை சுழற்றினால் 10857 என்னும் விடை தோன்றும். தேர்ந்த பயனர் இதனைச் சுருக்கமாகச் செய்வர். 47 என்பது 50 − 3 ஆதலால், பத்தாம் இடத்தில் 5 முறை கூட்டி, ஒன்றாம் இடத்தில் 3 முறை கழிப்பர். 11 சுற்றுகளுக்குப் பதில் 8 சுற்றுகளே போதும். கழிப்பதற்குக் கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துச் சுழற்ற வேண்டும். சுழற்றும் திசை மாறுவதில்லை. உருளையில் நிரப்பெண்ணுக்குரிய பற்களும் இருப்பதால், கருவி உண்மையில் நிரப்பெண்ணைக் கூட்டுவதன் மூலமே கழிக்கிறது.

காலத்தைக் கணித்தல்

கருவி செய்யப்பட்ட காலத்தை அறியப் பின்வரும் தடயங்கள் உதவுகின்றன.

தொடரெண்: கர்ட்டா, கியூபல் அண்டு எசர் போன்றவற்றில் தொடரெண்ணைக் கொண்டு தோராயமான ஆண்டை அறியலாம்.

தேதிக்குறி: ஹெம்மி நழுவுகோல்களில் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் எழுத்துகள் உண்டு. பேபர்-காசுட்டெல் நெகிழி மாதிரிகள் சிலவற்றில் மாதமும் ஆண்டும் எண்களாகவே வார்க்கப்பட்டுள்ளன.

நாட்டுப் பெயர்: 'ஆக்கிரமிக்கப்பட்ட சப்பானில் செய்யப்பட்டது' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் பொறிக்கப்பட்டவை, 1945 முதல் 1952 வரை அந்நாடு நேச நாடுகளின் ஆட்சியில் இருந்த காலத்தைச் சேர்ந்தவை. 'மேற்கு செருமனி' எனப் பொறிக்கப்பட்டவை அந்நாடு பிரிந்திருந்த காலத்தவை.

காப்புரிமை எண்: இதனைக் கையாளுகையில் கவனம் தேவை. 1891ஆம் ஆண்டுக் காப்புரிமை பொறிக்கப்பட்ட கருவி 1891இல் செய்யப்பட்டது என்று பொருளன்று. அவ்வாண்டுக்கு முன்னர் செய்யப்படவில்லை என்பதே அதன் பொருள். நிறுவனங்கள் பழைய காப்புரிமைத் தேதியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்து வந்தன.

அளவிடைகளின் தொகுதி, கர்சரின் வடிவம், உறை, கையேடு ஆகியவையும் துணைபுரியும். உறையில் எழுதப்பட்ட உரிமையாளர் பெயரையும் கல்லூரிப் பெயரையும் அழித்துத் தூய்மை செய்வது முன்னர் வழக்கமாயிருந்தது. அவை கருவியின் வரலாற்றுச் சான்றுகள் ஆதலால் அவ்வாறே விட்டுவைப்பதே சிறந்தது.

மதிப்பு

பழமை மட்டுமே கருவியின் விலையைத் தீர்மானிப்பதில்லை. மாணவர்களுக்கென இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட மாதிரிகள் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அரிதாகச் செய்யப்பட்டவை, சிறப்பு அளவிடைகள் கொண்டவை, நீண்ட அளவிடையுடைய உருளைக் கருவிகள் ஆகியன மிகுந்த விலை பெறுகின்றன. கருவி யாரிடம், எங்கே இருந்தது என்பதும் மதிப்பைப் பெருமளவு மாற்றும். பிக்கெட் என்600-இஎசு என்பது கடைகளில் விற்ற சாதாரணச் சட்டைப்பை நழுவுகோல். ஆனால் அப்பல்லோ 11 பயணத்தில் விண்வெளி வீரர் பசு ஆல்டிரின் எடுத்துச் சென்ற அம்மாதிரிக் கருவி 2007ஆம் ஆண்டில் 77,675 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

வாங்குமுன் சோதித்தல்

நழுவுகோலைச் சோதிக்க, சி, டி அளவிடைகளின் இடப்புற 1களை நேராக வைத்து, வலப்புற முனைகளும் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பொருந்தாவிடில் மரமோ செல்லுலாய்டோ சுருங்கியுள்ளது எனலாம். அடுத்து, கர்சர்க் கோட்டை முனைகளில் வைத்து, மேலும் கீழும் உள்ள எல்லா அளவிடைகளின் முனைக்கோடுகளும் அதன்கீழ் ஒரே நேரில் வருகின்றனவா என நோக்க வேண்டும். வாராவிடில் கர்சர் சாய்ந்திருக்கும். பெரும்பாலும் இதனைத் திருகாணிகளைத் தளர்த்திச் சரிசெய்யலாம்.

பொறிமுறைக் கணிப்பானைச் சோதிக்கையில் எல்லா இடங்களிலும் 9 வருமாறு செய்து 1ஐக் கூட்ட வேண்டும். எல்லா 9களும் 0ஆக மாறினால், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மீதியைக் கடத்தும் பொறி சரியாக உள்ளது எனலாம். கைப்பிடி இறுகியிருப்பின் வலிந்து சுழற்றக் கூடாது. பல ஆண்டுகள் பயன்படுத்தாத கருவியில் எண்ணெய் பசைபோல் உறைந்திருக்கும். வலிந்து சுழற்றினால் பற்கள் முறியக்கூடும். கர்ட்டாவின் உலோக உறையின் மூடி வழக்கத்துக்கு மாறான மரையுடையது. கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் அது திறக்கும். இதனை அறியாமல் வலிந்து திருகி உறையைச் சேதப்படுத்துவதுண்டு.

பாதுகாப்பு

பழைய நழுவுகோல்களுக்கு நேரக்கூடிய பெருங்கேடு செல்லுலாய்டின் சிதைவே. செல்லுலாய்டு என்பது செல்லுலோசு நைத்திரேட்டும் கற்பூரமும் சேர்ந்த நெகிழி. காலப்போக்கில் இது தானே சிதைந்து நைதரசன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை காற்றின் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அருகிலுள்ள உலோகப் பகுதிகள் துருப்பிடிக்கும். அருகில் வைக்கப்பட்ட நல்ல கருவிகளும் பாதிக்கப்படும். கியூபல் அண்டு எசர் நழுவுகோல்கள் சிலவற்றில் கர்சரின் நெகிழி முனைகள் நொறுங்கி, தாம் தொட்டிருந்த இடத்தில் கறையை ஏற்படுத்தியிருப்பதைக் காணலாம்.

இச்சிதைவை முற்றிலும் நிறுத்தும் வழி இல்லை. தாமதப்படுத்த மட்டுமே முடியும். அதற்கான நடைமுறைகள் வருமாறு:

- காற்றுப் புகாத நெகிழிப் பைகளில் அடைத்து வைத்தலாகாது. வெளிவரும் வாயு வெளியேற வழியிருக்க வேண்டும்.
- வெப்பம், நேரடி வெயில், ஈரம் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றக்கூடியது.
- வெடிப்பு, பழுப்பு நிறம், பிசுபிசுப்பு, புளித்த நெடி ஆகியன தோன்றிய கருவியை உடனே பிறவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.
- துடைப்பதற்கு மென்மையான துணியைச் சிறிது சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்து பயன்படுத்தலாம். மதுசாரம், அசிட்டோன் போன்ற கரைப்பான்களைத் தவிர்க்க வேண்டும். மரத்தை நீரில் ஊறவிடக் கூடாது.
- சிதையத் தொடங்கிய கருவியை உடனே அளவுக்கோலுடன் சேர்த்து வருடியால் படியெடுத்து வைக்க வேண்டும். கருவி அழிந்தாலும் அதன் அளவிடைகள் ஆய்வுக்கு எஞ்சும்.

அமைப்புகளும் அருங்காட்சியகங்களும்

நழுவுகோலைக் கண்டவரின் பெயரால் ஓட்ரெட் கழகம் 1991இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இக்கழகத்தின் இதழில் உறுப்பினர்கள் தம் கருவிகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகள், நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவதற்கு முதன்மை ஆதாரமாயின. செருமனியின் பான் நகரில் உள்ள அரித்மேயம், பொறிமுறைக் கணிப்பான்களுக்குப் பெயர்பெற்ற அருங்காட்சியகம். பாடர்போர்னில் உள்ள ஹைன்சு நிக்சுடார்ப் அருங்காட்சியகம், மியூனிக்கின் செருமன் அருங்காட்சியகம், வாசிங்டனின் சிமித்சோனியன் நிறுவனம் ஆகியவற்றிலும் குறிப்பிடத்தக்க தொகுதிகள் உள்ளன.

மறைவும் இன்றைய நிலையும்

1972ஆம் ஆண்டில் ஹியூலட்-பக்கார்டு நிறுவனம் எச்பி-35 என்னும் கையடக்க அறிவியற் கணிப்பானை 395 டாலர் விலையில் வெளியிட்டது. மடக்கையையும் கோணவியற் சார்புகளையும் அது நொடியில் தந்தது. 1973இல் டெக்சாசு இன்ஸ்ட்ருமெண்ட்சு வெளியிட்ட கணிப்பானுக்கு எசுஆர்-10 எனப் பெயரிடப்பட்டது. அதிலுள்ள எசுஆர் என்னும் எழுத்துகள் ஸ்லைடு ரூல் என்பதையே குறித்தன. தான் அகற்றவிருந்த கருவியின் பெயரையே அது தாங்கி வந்தது. விலைகள் விரைவில் வீழ்ந்தன. 1970களின் நடுப்பகுதியில் பெரும் நிறுவனங்கள் நழுவுகோல் உற்பத்தியை நிறுத்தத் தொடங்கின.

இன்று ஆசிரியர்கள் சிலர் மடக்கையையும் மதிப்பிடுதலையும் கற்பிக்க நழுவுகோலைப் பயன்படுத்துகின்றனர். தாளில் அச்சிட்டு வெட்டி மாணவர்களே செய்துகொள்ளும் நழுவுகோல்களும் உள்ளன. முப்பரிமாண அச்சு முறையில் மூன்று மடங்கு பெரிதாக்கப்பட்ட, இயங்கும் கர்ட்டா செய்யப்பட்டுள்ளது. கண்ணாடிப் பேழையிலுள்ள கருவி அதன் வடிவத்தை மட்டுமே காட்டும். அதைக் கொண்டு எவ்வாறு கணக்கிட்டனர் என்பது, அதனைக் கையிலெடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் உள்ளவரையே நிலைக்கும். ஆதலால் கருவியுடன் அதன் கையேட்டையும், முன்னர்ப் பயன்படுத்தியோரின் நினைவுகளையும் சேர்த்துப் பதிவு செய்வது சேகரிப்பாளரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- மடக்கை
- எண்சட்டம்
- நேப்பியரின் எலும்புகள்
- கணிப்பான்
- பிலேசு பாசுக்கல்